ஊரில் இல்லாதோர் ஏட்டிலும் இல்லாதோரா?

சித்தூர் மாவட்டத்தில் புத்தூருக்கு அருகே உள்ள கார்வேட்டிநகரம், இருந்த இடத்தை விட்டு நகராமலேயே பல முகவரிகளைக் கண்ட ஊர். 1911 மார்ச் வரை அது சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று உருவான சித்தூர் மாவட்டத்தோடு போயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்திலும், 1956 நவம்பர் 1 அன்று ஆந்திரப் பிரதேசத்திலும் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, கார்வேட்டிநகரம் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று நடந்த மாவட்டப் பிரிப்பில் பக்கத்து ஊரான புத்தூர் திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே தங்கியது.

ஆட்சியாளர்கள் கோட்டை நகர்த்திய ஒவ்வொரு முறையும் அவ்வூரின் தமிழ் பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் ஒரே இரவில் வேறு மாவட்டத்தினராக, வேறு மாநிலத்தினராக ஆயின. அதனால் அவர்களது உரிமை எதுவும் பறிபோகவில்லை. அரசு எல்லையை நகர்த்தினால் மக்கள் கணக்கில் நீடிக்கிறார்கள். ஆனால் அதே மக்களில் ஒருவர் பிழைப்புக்காகத் தாமே ஓர் எல்லையைக் கடந்து குவைத்துக்கோ சவூதி அரேபியாவுக்கோ போனால், ‘நீ இங்கே வசிப்பவர்தானா?’ என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் கருவியாக இன்று 12 இலக்க எண் ஒன்று இருக்கிறது.

போவோர் ஆசைப்பட்டுப் போவதில்லை

நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரம் நெசவுக்குப் பேர் பெற்றது. கைத்தறி விசைத்தறியாக மாறியபோது கூலி கூடவில்லை. நூல் விலையும் இடைத்தரகர் பிடியும்தான் கூடின. தறியை விட்டால் அடுத்த வாழ்வு மாந்தோப்பு. 2025 பருவத்தில் தோத்தாபுரி மாங்காயின் விலை சரிந்து, கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என்று அரசு அறிவிக்கும் நிலை வந்தது. மரத்தின் சொந்தக்காரருக்கே இந்த நிலை என்றால், அந்தத் தோப்பில் காய் பறிக்கும் நிலமற்ற கூலித் தொழிலாளியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே இராயலசீமையின் கடப்பா, சித்தூர் பகுதிகளிலிருந்து பல பத்தாண்டுகளாக மக்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். ஆண்கள் ஓட்டுநர்களாகவும் கட்டுமானத் தொழிலாளர்களாகவும் ஆடு, ஒட்டகம் மேய்ப்பவர்களாகவும் போகிறார்கள். பெண்கள், குறிப்பாகத் தலித் மற்றும் ஏழைக் குடும்பத்துப் பெண்கள், குவைத்தில் வீட்டுப் பணியாளர்களாகப் போகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும். அந்த வகைப் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது மேலும் ஒரு நிபந்தனை. பாதுகாப்பு என்ற பெயரில் வாசலை அடைத்தால் முகவர்கள் கொல்லைப்புறத்தைத் திறக்கிறார்கள். சுற்றுலா விசாவில் ஒரு நாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடத்தும் வழி அது. அப்படிப் போகிற பெண்ணின் பெயர் அரசின் குடியேற்றப் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. சில நூறு ரூபாய் கட்டினால் கிடைக்கும் 10 லட்சம் ரூபாய்க் காப்பீடும் அவருக்கு இல்லை.

வெளியேறும்போது ஒரு பதிவேட்டில் விடுபடுகிறார். வெளியே இருக்கும்போது மற்றப் பதிவேடுகளிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கப்படுகிறார்.

182 நாள் கணக்கு

2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், மாநிலங்களவையின் அதிகாரத்தை ஒதுக்கிவைக்கும் நோக்கில், பண மசோதாவாக நிறைவேற்றப்பட்டது. 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் தமது மாறுபட்ட கருத்தில் இதை அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றே குறித்தார். அந்தச் சட்டப்படி எண் பெறும் தகுதி ‘வசிப்பவர்’ என்பவருக்கு உரியது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் வசித்தவரே வசிப்பவர்.

இந்த வரையறையின் விளைவைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஆறு மாதத்துக்கும் மேலாகத் தங்கிப் பணியாற்றும் வெளிநாட்டு மேலாளர் ஆதார் எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். கார்வேட்டிநகரத்தில் பிறந்து வளர்ந்து, பெற்றோரையும் பிள்ளைகளையும் அங்கே விட்டுவிட்டு, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் குவைத்துக்குப் போய், ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வரும் இந்தியக் குடிமகள் விண்ணப்பிக்க முடியாது. சட்டத்தின் 9ஆம் பிரிவு இந்த எண் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று சொல்கிறது. குடியுரிமையோடு தொடர்பில்லாத எண் என்பதால் குடிமக்களே அதன் வாசலில் காத்து நிற்க நேர்ந்தது.

2019 ஜூலை 5 அன்று நிதிநிலை அறிக்கையை வாசித்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்தக் காத்திருப்பின்றி, தாயகம் வந்தவுடன் ஆதார் பெறலாம் என்று அறிவித்தார். பின்னர் விதிகளும் அதற்கேற்ப மாற்றப்பட்டன. இந்தத் தளர்வு வரவேற்கத்தக்கதே. ஆனால் அது யாருக்குப் பயன்படுகிறது என்பதே கேள்வி.

தளர்வு இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. ஒன்று, விண்ணப்பதாரர் இந்தியாவுக்கு வர வேண்டும். பத்து விரல்களும் இரு கருவிழிகளும் இங்குள்ள பதிவு மையத்தின் கருவி முன் நேரில் நிற்க வேண்டும். நினைத்தபோது விமானம் ஏறும் கலிபோர்னிய மென்பொருள் வல்லுநருக்கு இது ஒரு விடுமுறை நாளின் வேலை. முதலாளியின் கையொப்பம் இன்றி விடுப்பும் பயணச்சீட்டும் கிடைக்காத வீட்டுப் பணியாளருக்கு இது இரண்டாண்டுக் காத்திருப்பு. அப்படியே வந்தாலும், பாத்திரம் தேய்த்தும் சலவைப் பொடியில் ஊறியும் ரேகை அழிந்த விரல்களைக் கருவி ஏற்காமல் போகலாம். விடுப்பு முடிவதற்குள் எண் கைக்கு வரும் என்ற உறுதியும் இல்லை.

இரண்டாவது நிபந்தனை கடவுச்சீட்டு. வளைகுடாவில் தொழிலாளியின் கடவுச்சீட்டு பெரும்பாலும் அவரிடம் இருப்பதில்லை. அதை முதலாளி பிடுங்கி வைப்பது அந்நாட்டுச் சட்டங்களுக்கே புறம்பானது என்றாலும், கஃபாலா என்னும் பொறுப்பாளர் முறை அதை நாள்தோறும் நடக்கிற காரியமாக்கி வைத்திருக்கிறது. அடியும் பட்டினியும் தாங்காமல் அந்த வீட்டிலிருந்து தப்பி ஓடும் பெண், கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. ஓடிய மறுநாள் அவர் ‘தலைமறைவானவர்’ என்று அந்நாட்டுக் காவல் ஏட்டில் பதிவாகிறார்.

வெள்ளைத் தாளில் திரும்பியவர்கள்

குவைத் அரசு 2018ஆம் ஆண்டிலும் 2020 ஏப்ரலிலும் பொதுமன்னிப்பு அறிவித்தது. இசைவுக்காலம் முடிந்து தங்கியிருந்தோர் தண்டமின்றி நாடு திரும்பலாம் என்பதே அதன் சாரம். கடவுச்சீட்டு இல்லாதோருக்கு இந்தியத் தூதரகம் அவசரச் சான்று வழங்கியது. ‘அவுட்பாஸ்’ என்றும் ‘வெள்ளைப் பாஸ்போர்ட்’ என்றும் தொழிலாளர்கள் அதை அழைப்பார்கள். அது ஒருவழிப் பயணத்துக்கான தாள். இந்திய விமான நிலையத்தில் இறங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

இப்போது விதியை மீண்டும் வாசிக்கலாம். காத்திருப்பின்றி ஆதார் பெறச் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு வேண்டும். வெள்ளைத் தாளில் வந்தவரிடம் அது இல்லை. வசிப்பவர் என்ற முறையில் பெறுவதானால் கடந்த 12 மாதங்களில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அவர் நேற்றுத்தான் வந்தார். கடவுச்சீட்டைப் புதிதாகப் பெறுவதானால் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். அந்தச் சான்றாக இன்று எல்லா அலுவலகங்களும் முதலில் கேட்பது ஆதார். ஆக, எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தொழிலாளிக்கு ஆறு மாதம் காத்திருப்பது ஒரு வழி. அரை ஆண்டுக்கு மேல் இங்கேதான் இருந்தேன் என்று விண்ணப்பத்தில் பொய்யாக உறுதிமொழி தருவது இன்னொரு வழி. நேர்மையாளருக்குத் தண்டனையும் பொய்க்குச் சலுகையும் தரும் ஏற்பாடு இது.

நலிந்தவரைச் சென்றடையவே இந்த எண் என்று 2009 முதல் சொல்லப்பட்டு வருகிறது. தளர்வின் பயன் கடவுச்சீட்டைத் தம் பெட்டியில் வைத்திருப்போருக்குக் கிடைத்தது. அதைப் பறிகொடுத்தவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

ஒரு கண்ணி அறுந்தால்

2010 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் தெம்பிளி கிராமத்தில் முதல் எண் வழங்கப்பட்டதற்கு முன்பே வெளிநாடு போய், அங்கேயே பல்லாண்டு தங்கிவிட்டவர்களின் சிக்கல் எண் இல்லாமை. எண் பெற்ற பிறகு போனவர்களின் சிக்கல் வேறு: எண் இருந்தும் அது உதவுவதில்லை.

கார்வேட்டிநகரத்திலிருந்து ஒரு பெண் ஊரில் வாங்கிய அலைபேசி எண்ணை ஆதாருடன் இணைத்துவிட்டுக் குவைத்துக்குப் போகிறார் என்று கொள்வோம். அங்கே அந்த எண்ணுக்குப் பணம் கட்டி யாரும் உயிரூட்டி வைத்திருப்பதில்லை. 90 நாட்கள் பயன்பாடு இல்லையென்றால் இணைப்பைத் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. சில காலம் கழித்து அதே எண் வேறொருவருக்கு விற்கப்படுகிறது. ஒருமுறைக் கடவுச்சொல் இந்திய அலைபேசி எண்ணை நம்பியே கட்டப்பட்ட ஏற்பாடு. எனவே வங்கிக் கணக்கைத் திறக்கும் சாவி ஊர் பேர் தெரியாத ஒருவரின் கைக்குப் போய்விடுகிறது. கணக்குக்கு உரியவர் பாலைவன நகரம் ஒன்றின் சமையற்கட்டில் இருக்கிறார்.

வீட்டில் குடும்ப அட்டைக்கு வந்தால், அட்டையில் உள்ள ஒவ்வொருவரும் நியாயவிலைக் கடையின் கருவியில் விரல் பதித்துத் தம்மை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்றிய அரசு நாடு முழுவதும் சுமத்தியது. கெடு மாற்றிக் கெடு வைத்தது. ‘ரைஸ் கார்டு’ என்று ஆந்திரத்தில் வழங்கும் அட்டைக்கும் அதே விதி. கிராமச் செயலகத்தின் ஊழியர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கருவிக்கு விரல்தான் வேண்டும். ‘அம்மா குவைத்தில் இருக்கிறாள்’ என்ற பிள்ளையின் விடை அதற்குப் புரியாது. அட்டை இழப்பது என்ன பொருள் என்பதை 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டம் காட்டியது. ஆதாருடன் இணைக்காததால் குடும்பத்தின் அட்டை நீக்கப்பட்ட 11 வயதுச் சிறுமி அங்கே பசியில் மாண்டாள்.

சேமித்த பணத்தை ஊரில் வைப்பு நிதியாகப் போட்டவருக்கு நிரந்தரக் கணக்கு எண்ணின் தொல்லை. அதை ஆதாருடன் இணைக்கும் கெடு 2023 ஜூன் 30 அன்று முடிந்தது. வெளிநாடுவாழ்வோருக்கு விலக்கு உண்டு என்பது 2017ஆம் ஆண்டின் அறிவிப்பு. ஆயினும் தமது வசிப்பு நிலையை வருமான வரித் துறையிடம் தெரிவிக்காதோரின் எண்கள் செயலிழந்தன. விலக்கு இருப்பதே தெரியாதவர், அந்த விலக்கைக் கோரி அதிகாரிக்கு எழுத வேண்டுமாம். கணக்காளர் வைத்திருப்போர் எழுதினார்கள். மற்றவர்களின் வட்டியிலிருந்து கூடுதல் விகிதத்தில் வரி பிடிக்கப்பட்டது.

நான்கு எழுத்துகளில் ஒரு பெயர்

எல்லைப்புற மக்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். தெலுங்கு வழக்கில் ‘இண்டி பேரு’ என்னும் வீட்டுப் பெயர் முதலில் வரும். சித்தூர் மாவட்டத்துத் தமிழ்க் குடும்பத்தினரின் பெயர், அட்டையில் தெலுங்கு எழுத்தில் ஒருவிதமாகவும், கடவுச்சீட்டில் ஆங்கிலத்தில் குடும்பப் பெயர், இடுபெயர் என்று இரண்டாகப் பிளந்தும் எழுதப்படுகிறது. குவைத்தின் குடிமை அட்டையில் அதுவே அரபியில் எழுதப்படும்போது மேலும் மாறுகிறது. அரபியில் பகரத்துக்கு வல்லொலி எழுத்து இல்லை, சகரத்தின் வல்லொலியும் இல்லை. பச்சையம்மாள் அங்கே வேறொரு பெண்ணாகிவிடுகிறாள்.

இது மொழியின் இயல்பே தவிர யாருடைய குற்றமும் அல்ல. ஆனால் கணிப்பொறிக்கு ஓரெழுத்து மாறினாலும் ஆள் மாறாட்டம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு மறுத்தது. தந்தை பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர்த் தளர்த்தியது. அதற்காகப் பெயரைப் பிளந்து கடவுச்சீட்டை மாற்றியவருக்கு, அது ஆதாரோடு பொருந்தாமல் போயிற்று. திருத்தம் செய்ய மீண்டும் ஊருக்கு வர வேண்டும், மீண்டும் விடுப்பு, மீண்டும் முதலாளியின் தயவு.

தகர டிக்கெட் முதல் கைரேகை வரை

கடல் கடந்த தமிழ் உழைப்பாளிக்கு எண் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பன் துறையில் இறக்கியது. அன்று தொடங்கி நேட்டால் அரசு ஒவ்வொரு ஒப்பந்தக் கூலிக்கும் ஓர் எண் இட்டது. வட ஆர்க்காடு மாவட்டத்துக் கிராமங்களின் பெயர்கள் அந்தப் பதிவேடுகளில் நிறைய உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கெட் தொங்கியது. கங்காணியின் கடனைச் சொல்லும் ‘துண்டு’ இல்லாமல் அவர்கள் தோட்டம் மாற முடியாது. அந்த முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

1906இல் டிரான்ஸ்வால் அரசு, எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் அனைவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்றது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் கூடியவர்கள் அதற்குப் பணிவதில்லை என உறுதி ஏற்றார்கள். 1908 ஆகஸ்டு 16 அன்று ஹமீதியா பள்ளிவாசல் வளாகத்தில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகள் எரிக்கப்பட்டன. காந்தியின் பெயரால் நினைக்கப்படும் அந்தப் போராட்டத்தில் சிறைகளை நிரப்பியோரில் தமிழர் முன்வரிசையில் நின்றனர். மொரீஷியஸில் பிறந்து, தமிழும் தெலுங்கும் பேசிய தம்பி நாயுடு அவர்களின் தலைவர்.

காந்தி தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய 1915 ஜனவரி 9ஐ நினைவுகூர்ந்தே 2003 முதல் அயலக இந்தியர் நாள் கொண்டாடப்படுகிறது. மேடையில் முதலீட்டாளர்கள் அமர்கிறார்கள். கைரேகைச் சட்டத்தை எதிர்த்தவரின் படத்துக்கு மாலை விழுகிறது. அன்று அயல்நாட்டு அரசு தொழிலாளியைப் பிடித்து வைக்க எண் இட்டது. இன்று சொந்த நாட்டு அரசு, எண் இல்லை என்று சொல்லித் தொழிலாளியைக் கைவிடுகிறது.

பணம் வரலாம், ஆள் வரவில்லை என்றால்?

ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2023-24இல் வெளிநாடுவாழ்வோர் இந்தியாவுக்கு அனுப்பிய பணம் 11,870 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 38 விழுக்காடு வளைகுடா நாடுகளிலிருந்து வந்தது. அந்தப் பணம் எல்லை தாண்டும்போது, அதை அனுப்பியவர் 182 நாள் எங்கிருந்தார் என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்படுவதில்லை. அவரைப் பெற்று, வளர்த்து, உழைக்கும் வயதுக்குக் கொண்டுவந்த செலவு கார்வேட்டிநகரத்துக் குடும்பத்தினுடையது. உழைப்பின் பயனில் பெரும்பங்கு அயல்நாட்டு முதலாளிக்கு. அந்நியச் செலாவணியின் பலன் இந்திய அரசுக்கு. ஏட்டிலிருந்து பெயர் நீங்கும் தண்டனை மட்டும் தொழிலாளிக்கு.

வாக்குரிமையிலும் இதே நிலை. வெளிநாட்டில் இருக்கும் குடிமக்கள் தம் ஊர்ப் பட்டியலில் பெயர் சேர்க்க 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்தது. ஆனால் வாக்களிக்க நேரில் வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் பதிவு செய்திருந்த சுமார் 1.19 லட்சம் அயலக வாக்காளர்களில் வாக்களித்தோர் 2,958 பேர். அவர்களில் 2,670 பேர் கேரளத்தவர். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் ஆந்திரம் இடம்பெறவில்லை. எல்லைக்கு இப்பால் தமிழ்நாடு இடம்பெற்றது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அவற்றில் 66 லட்சத்துக்கும் மேற்பட்டவை, இடம்பெயர்ந்தோர் அல்லது முகவரியில் காணப்படாதோர் என்ற கணக்கில் நீக்கப்பட்டவை.

இத்தனைக்கும் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே ஒரு நல்ல கோட்பாடு இருக்கிறது. ஒருவர் தம் வழக்கமான வசிப்பிடத்தை விட்டுத் தற்காலிகமாக நீங்கியிருப்பதாலேயே அவர் அங்கு வசிப்பவர் அல்லாதவராகிவிட மாட்டார் என்று அதன் 20ஆம் பிரிவு சொல்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் சட்டம் இயற்றியோர், மனிதர் பிழைப்புக்காகப் போவர், வருவர் என்பதை அறிந்திருந்தார்கள். 2016இன் சட்டம் அந்த அறிவை அழித்துவிட்டு நாட்களை எண்ணத் தொடங்கியது.

இடதுசாரிகளின் நிலை என்ன?

இங்கே இயக்கத்துக்குள் ஒரு நேர்மையான ஐயம் எழுகிறது. ஆதாரின் கட்டாயத்தை எதிர்ப்பவர்கள், அயல்நாட்டுத் தொழிலாளிக்கு ஆதார் கிடைக்க வேண்டும் என்று எப்படிக் கோர முடியும்? தூதரகங்களில் பதிவு மையம் திறக்கச் சொல்வது, கண்காணிப்பு வலையைக் கடல் கடந்தும் விரிக்கச் சொல்வதாகாதா? 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்ததை வரவேற்றவர்கள் இதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பு மட்டும் போதும் என்று நிற்பது, எண் இல்லாததால் இன்று அரிசி இழக்கும் குடும்பத்திடம் தத்துவத்தை மட்டும் கொடுப்பதாகும். மையம் திறந்தால் போதும் என்று நிற்பது, உரிமைகளை எண்ணோடு பூட்டியதை ஏற்றுக்கொள்வதாகும். இரண்டும் பிழை. உணவு, கூலி, வாக்கு ஆகியவை எண்ணைச் சார்ந்து நிற்கலாகாது என்பது அடிப்படைக் கோரிக்கை. எண் வேண்டுவோர் அதைப் பெற வேலையையும் விடுப்பையும் பயணச் செலவையும் பலியிட வேண்டியதில்லை என்பது உடனடிக் கோரிக்கை. முன்னதைக் கைவிடாமல் பின்னதற்குப் போராட முடியும். தொழிற்சங்கம் கூலி உயர்வுக்குப் போராடும்போது கூலி முறையை ஒப்புக்கொண்டதாக யாரும் கருதுவதில்லை.

அதன்படி, ஊரில் இல்லாமை மட்டுமே காரணமாகக் குடும்ப அட்டையிலிருந்தோ வாக்காளர் பட்டியலிலிருந்தோ எவர் பெயரையும் நீக்கக் கூடாது. வீட்டார் தரும் எழுத்துமூல உறுதி ஏற்கப்பட வேண்டும். அவசரச் சான்றில் திரும்பியோருக்கு 182 நாள் நிபந்தனையிலிருந்து விலக்கு வேண்டும். அந்தச் சான்றின் படியே அடையாளச் சான்றாகக் கொள்ளப்பட வேண்டும். தொழிலாளியை விசாரித்து அறிந்து கடவுச்சீட்டைப் புதுப்பித்துத் தரும் தூதரகம், அவர் விரும்பினால் ஆதார்ப் பதிவையும் திருத்தத்தையும் அங்கேயே கட்டணமின்றிச் செய்து தர வேண்டும். அந்தத் தரவு அந்நாட்டு அரசுக்கோ முதலாளிக்கோ போகக் கூடாது. மொழி மாறுவதால் வரும் எழுத்து வேறுபாட்டைத் தொழிலாளியின் பிழையாகக் கொள்ளாமல், ஒரே உறுதிமொழிப் பத்திரத்தில் எல்லா வடிவங்களையும் ஏற்க வேண்டும்.

கிளைகள் செய்ய வேண்டிய வேலையும் உண்டு. சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலும், எல்லைக்கு இப்பால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரங்களிலும் ஊர் தோறும் அயல்நாடு போனோரின் கணக்கை எடுக்கலாம். யார் பெயர் எந்தப் பதிவேட்டில் விடுபட்டது, யாருடைய கடவுச்சீட்டு யார் கையில் இருக்கிறது, யார் வெள்ளைத் தாளில் வந்தார் என்பது வீட்டாருக்குத் தெரியும், அரசுக்குத் தெரியாது. தமிழிலும் தெலுங்கிலும் மனு எழுதித் தருவதற்கு ஒரு மேசையும் இரண்டு தோழர்களும் போதும். திரும்பி வந்தோரைச் சங்கமாக்கினால், கிராமச் செயலகத்தின் வாசலில் தனித்தனியே கெஞ்சுவோர் ஒன்றாக நின்று கேட்பவர்களாவார்கள்.

தமிழில் ஆதாரம் என்றால் சான்று; பற்றுக்கோடு என்றும் பொருள் உண்டு. குவைத்துச் சமையற்கட்டில் நிற்கும் பெண்ணுக்கு ஊரில் பற்றுக்கோடாக இருப்பவை அவரது குடும்பம், அட்டை, வாக்கு. அவற்றை அவரிடமிருந்து அறுக்கும் எதையும் ஆதாரம் என்று அழைக்க முடியாது. 1911இலும் 1953இலும் 2022இலும் எல்லைக்கோடு நகர்ந்தபோது கார்வேட்டிநகரத்து மக்கள் ஏட்டில் நீடித்தார்கள். உழைக்கப் போனவரும் அவ்வாறே நீடிக்க வேண்டும்.